எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் ஒரு தனி நோயாளியைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

"மனச்சோர்வு மூளை ஸ்கேனில் தெரிகிறது", "மறதி நோயை முன்கூட்டியே காட்டும் ஸ்கேன்" என்கிற மாதிரித் தலைப்புகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. படிக்கிறவருக்கு உடனே தோன்றுவது ஒன்றுதான்: அப்படியானால் நானும் போய் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டால் எனக்கு என்ன கோளாறு என்று தெரிந்துவிடுமே! பெரும்பாலும் தெரியாது. அந்த ஆய்வு பொய் என்பதால் அல்ல, அது பதில் தேடிய கேள்வியே வேறு. நோயாளிகள் ஐம்பது பேர், நலமானவர்கள் ஐம்பது பேர் என்று வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கும் சராசரி எடுத்து, அந்தச் சராசரிகளுக்குள் வித்தியாசம் உண்டா என்றுதான் அது பார்த்தது. மருத்துவரின் அறையில் உட்கார்ந்திருப்பவரோ சராசரி அல்ல, ஒரு ஆள்.

இந்த இடைவெளியை நிரப்பச் சில ஆய்வுக் குழுக்கள் வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பியிருக்கின்றன. நூறு பேரை ஆளுக்குப் பத்து நிமிடம் பார்ப்பதற்குப் பதிலாக ஒரே ஆளைப் பல மணி நேரம் பார்க்கிறார்கள். இந்த வழி மருத்துவமனைக்குள் வரும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் "உங்களுக்கு இன்ன நோய்" என்று பெயர் சொல்லும் கருவியாக அது முதலில் வரப்போவதில்லை. "உங்கள் மூளையில் இந்த வேலை இந்த இடத்தில் நடக்கிறது" என்று காட்டும் வரைபடமாகத்தான் வரும். இதுவரை அது உருப்படியாகப் பயன்பட்ட இடங்களைப் பார்த்தாலே இது புரியும்.

முதலில் இந்த ஸ்கேன் எதை அளக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். சாதாரண எம்ஆர்ஐ மூளையின் வடிவத்தைக் காட்டும். கட்டி, ரத்தக் கசிவு, சுருக்கம் எல்லாம் அதில் தெரியும். எஃப்எம்ஆர்ஐ எடுப்பதும் அதே இயந்திரத்தில்தான். ஆனால் இங்கே ஓரிரு விநாடிக்கு ஒரு முழு மூளைப் படம் என்று நூற்றுக்கணக்கில் தொடர்ச்சியாக எடுக்கிறார்கள். ஒரு பகுதி சுறுசுறுப்பாக வேலை செய்தால் அங்கே புது ரத்தம் தேவைக்கும் அதிகமாகவே பாய்கிறது. ஆக்சிஜனைச் சுமந்திருக்கும் ஹீமோகுளோபினுக்கும், அதை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினுக்கும் காந்தப் பண்பு வேறு என்பதை லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெல்லும் 1936-லேயே காட்டிவிட்டார்கள். அந்த வித்தியாசத்தை எம்ஆர்ஐ படத்திலேயே பார்க்கலாம் என்று எலிகளின் மூளையை வைத்து 1990-இல் நிரூபித்தவர் பெல் ஆய்வகத்தில் இருந்த செய்ஜி ஒகாவா. 1992-இல் மனித மூளையிலும் அது வேலை செய்வதை அவருடையது உட்பட சில குழுக்கள் தனித்தனியாகக் காட்டின.

ஆக, ஸ்கேன் நேரடியாகப் பார்ப்பது நரம்புச் செல்லை அல்ல, ரத்தத்தை. நரம்புச் செல் மில்லிவிநாடிக் கணக்கில் வேலையை முடித்துவிடும். ரத்த ஓட்டம் அதன் பின்னால் மெதுவாக வந்து ஐந்தாறு விநாடி கழித்துத்தான் உச்சத்தைத் தொடும். படத்தில் பளிச்சென்று சிவப்பு மஞ்சளாகத் தெரிவதெல்லாம் கணினி பூசிய நிறம். அதன் அடியில் இருக்கும் மாற்றம் பெரும்பாலும் ஒரு சதவீதம், சில சதவீதம் என்ற அளவுதான். அதற்குள் ஆளின் மூச்சு, இதயத் துடிப்பு, காலையில் குடித்த காபி, தலையின் இம்மி அசைவு எல்லாம் கலந்துவிடும். தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தால்கூட இல்லாத தொடர்பு இருப்பதுபோல் தெரியும் என்பதை 2012-இல் வெவ்வேறு குழுக்கள் அடுத்தடுத்து எடுத்துக் காட்டியபோது, பழைய முடிவுகள் பலவற்றை மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று. குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள் எல்லாரும் நலமான இளைஞர்களைவிட அதிகம் அசைவார்கள். அப்படியிருக்க "நோயாளிகளின் மூளை வேறு" என்ற முடிவில் எவ்வளவு நோய், எவ்வளவு அசைவு?

மூளை சும்மா இருக்கும்போதும் இந்த அளவீடு நிறையச் சொல்லும். பாரத் பிஸ்வால் 1995-இல் இதைக் கண்டார். ஸ்கேனருக்குள் ஒன்றும் செய்யாமல் படுத்திருப்பவரின் மூளையில், இடக் கையை அசைக்கும் பகுதியும் வலக் கையை அசைக்கும் பகுதியும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. கை அசையவே இல்லை. சேர்ந்து வேலை செய்யும் பகுதிகள் ஓய்விலும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்றால், ஆளை எந்த வேலையும் செய்யச் சொல்லாமலே மூளையின் வலைப்பின்னலை வரைந்துவிடலாம். நோயாளிகளுக்கு இது பெரிய வரம். சொல்வதைக் கேட்டுச் செய்ய முடியாதவர்களையும் ஸ்கேன் செய்யலாம்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் நோயைக் கண்டுபிடிக்கத் தடுமாறுகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். நூற்றில் ஒருவருக்கு வரும் ஒரு நோய். அதை 90 சதவீதம் சரியாகப் பிடிக்கும் ஒரு ஸ்கேன். நலமானவரையும் 90 சதவீதம் சரியாக "நலம்" என்றே சொல்லும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. 10,000 பேரை இதில் சோதித்தால், நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும். நலமாக உள்ள 9,900 பேரில் 990 பேரையும் நோயாளி என்று சொல்லும். ஆக மொத்தம் "நோய் உண்டு" என்று முடிவு வாங்கிய 1,080 பேரில் உண்மையில் நோயுள்ளவர்கள் 90 பேர், அதாவது பன்னிரண்டு பேரில் ஒருவர். மற்ற பதினொரு பேரும் தேவையில்லாமல் தூக்கத்தைத் தொலைப்பார்கள்.

மருத்துவமனைக்கு வருகிறவர்களில் நோயுள்ளவர்களின் விகிதம் இதைவிட அதிகம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே கேள்வியே மாறிவிடுகிறது. நரம்பியல் மருத்துவருக்கு, எதிரில் இருப்பவர் நோயாளியா நலமானவரா என்பதில் பொதுவாகச் சந்தேகம் இருக்காது. ஒரே மாதிரி அறிகுறி காட்டும் மூன்று நான்கு நோய்களில் எது என்பதுதான் அவருடைய திண்டாட்டம். நோய் முற்றியவர்களையும் முழு நலமானவர்களையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்த ஆய்வு அதற்கு உதவாது. மறதி நோய் விஷயத்தில், மூளை எங்கே எவ்வளவு சர்க்கரையைச் செலவிடுகிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் மருத்துவமனை வரை வந்ததற்குக் காரணம், அது இந்தக் கேள்விக்கே பதில் சொன்னதுதான். அல்சைமர் நோயில் மூளையின் பின்பக்கமாகச் சில பகுதிகளில் சர்க்கரைப் பயன்பாடு குறையும். முன்மூளை தேயும் வேறு வகை மறதி நோயில் முன்பக்கம் குறையும். ஒரே ஆளின் படத்தை வைத்தே இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

எஃப்எம்ஆர்ஐயில் இன்னொரு அடிப்படைச் சிக்கலும் உண்டு. ஒரே ஆளை இரண்டு முறை ஸ்கேன் செய்தால் ஒரே பதில் வர வேண்டும். குறிப்பிட்ட வேலையைக் கொடுத்து எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஒரு அலசலில் இந்த நம்பகத்தன்மை சராசரியாக 0.4-க்கும் சற்றுக் குறைவாக இருந்தது. முழுப் பொருத்தம் என்றால் 1. ஒரு ரத்தப் பரிசோதனை இப்படி இருந்தால் எந்த மருத்துவரும் அதை நம்பி மருந்து எழுத மாட்டார். அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வில் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கேள்விகளுக்கு விடை கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் அச்சு அசலாக ஒரே வழியில் அலசவில்லை, விடைகளும் பல இடங்களில் முரண்பட்டன. இந்தத் துறை தன் ஓட்டைகளைத் தானே வெளியில் எடுத்துப் போட்டுப் பேசுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இதற்குத் துணிச்சல் வேண்டும்.

இங்கேதான் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு வருகிறது. அங்கே நிக்கோ டோசன்பாக், ஸ்டீவன் நெல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்களுக்கு ஒரே ஆளிடம் நிறையத் தரவு எடுத்தால் என்ன தெரியும் என்று பார்க்க ஆசை. ஸ்கேனர் நேரமோ விலை அதிகம். நள்ளிரவுக்கு மேல் கட்டணம் குறைவு என்பதால் தங்களையும் உடன் வேலை செய்கிறவர்களையும் நள்ளிரவில் ஸ்கேன் செய்யத் தொடங்கினார்கள். 'மிட்நைட் ஸ்கேன் கிளப்' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். மொத்தம் பத்துப் பேர். ஒவ்வொருவருக்கும் ஓய்வுநிலை ஸ்கேன் மட்டும் ஐந்து மணி நேரம், அதுபோக வேலைகள் கொடுத்து எடுத்தது ஆறு மணி நேரம். 2017-இல் முடிவுகளை வெளியிட்டு, தரவு முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். பத்துப் பேரில் ஒருவர் ஸ்கேனருக்குள் தூங்கிவிடுவதும் அசைவதுமாக இருந்ததால் பிறகு பல அலசல்களில் அவரை விட்டுவிட வேண்டியிருந்தது. நள்ளிரவில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் விழித்திரு என்றால் யாருக்கும் கஷ்டம்தான்.

அவர்கள் கண்டது இதுதான். வழக்கமான ஐந்து, பத்து நிமிட ஸ்கேனில் ஒருவரின் வலைப்பின்னல் படம் நிலைப்படுவதே இல்லை. நாளைக்கு எடுத்தால் வேறு மாதிரி இருக்கும். அரை மணியைத் தாண்டும்போது அது நிலைக்கத் தொடங்குகிறது, சில அளவீடுகளுக்கு ஒன்றரை மணி நேரம்கூடத் தேவைப்படுகிறது. அப்படி நிலைத்த பிறகு பார்த்தால் ஒவ்வொருவர் மூளையிலும் சராசரிப் படத்தில் இல்லாத திட்டுகளும் எல்லைகளும் தெரிந்தன. ஒருவருக்கு ஒரு வலைப்பின்னலைச் சேர்ந்த இடம் இன்னொருவருக்கு வேறொன்றைச் சேர்ந்ததாக இருந்தது. பத்துப் பேரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இந்த நுணுக்கம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மங்கிப்போகும், பலர் முகத்தை அடுக்கி எடுத்த நிழற்படம் மாதிரி.

இது வெறும் நுணுக்கம் பார்க்கும் ஆசை இல்லை என்பதற்கு 2023-இல் சான்று கிடைத்தது. உடலை அசைக்கும் மூளைப் பட்டையில் கால், கை, வாய் என்று வரிசையாக இடம் இருக்கிறது என்பது 1930-களில் வைல்டர் பென்ஃபீல்ட் அறுவை சிகிச்சையின்போது மின்தூண்டல் கொடுத்துக் கண்டது. மருத்துவப் பாடநூல்கள் எல்லாவற்றிலும் அந்தப் படம் உண்டு. இவான் கோர்டனும் டோசன்பாக்கும் தனித்தனி மூளைகளை இந்த முறையில் பார்த்தபோது கால், கை, வாய்ப் பகுதிகளுக்கு நடுவே மூன்று இடைவெளிகள் தெரிந்தன. அவை எந்த உறுப்பையும் தனியாக அசைப்பவை அல்ல. தமக்குள் இணைந்து, திட்டமிடுவதோடும் விழிப்போடும் தொடர்புள்ள வலைப்பின்னலோடும் சேர்ந்திருந்தன. கண்டுபிடித்த பிறகு பல்லாயிரம் பேரின் தரவுத் தொகுப்புகளில் தேடினார்கள், அங்கும் இருந்தது. அத்தனை வருடம் எல்லார் கண் முன்னாலும் இருந்தும் யாருக்கும் படவில்லை.

இதே குழுவின் இன்னொரு சோதனை என்னை அதிகம் கவர்ந்தது. டோசன்பாக் உடையாத தன் கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் திரிந்தார், தினமும் ஸ்கேன் எடுத்துக்கொண்டார். பிறகு இன்னும் இருவர் அதே மாதிரி செய்தார்கள். மூன்றே பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2020-இல் வெளியானது. கட்டுப் போட்ட இரண்டு நாளுக்குள் அந்தக் கையை ஆளும் மூளைப் பகுதி மற்ற அசைவுப் பகுதிகளோடு வைத்திருந்த தொடர்பு விழுந்துவிட்டது. கட்டை எடுத்ததும் திரும்பி வந்தது. ஒருவரை அவருடைய பழைய படத்தோடு ஒப்பிட்டால் நாள் கணக்கில் நடக்கும் மாற்றத்தைக்கூடப் பிடிக்கலாம் என்பதை இது காட்டியது. பக்கவாதத்துக்குப் பிறகு கை மீண்டு வருகிறதா என்று பார்ப்பவர்களுக்கு இதன் மதிப்பு புரியும். அங்கே நோயின் பெயர் முன்பே தெரியும். தெரிய வேண்டியது இந்த ஆளின் மூளை எந்தப் பக்கம் நகர்கிறது என்பது.

இதற்கிடையில் யேல் பல்கலைக்கழகத்தில் எமிலி ஃபின்னும் சக ஆய்வாளர்களும் 126 பேரின் ஸ்கேன்களை எடுத்து, ஒரு நாள் எடுத்த இணைப்புப் படத்தை (எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற படத்தை) வைத்து மறுநாள் படங்களில் அதே ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தார்கள். ஓய்வுநிலை ஸ்கேன்களில் 90 சதவீதத்துக்கும் மேல் சரியாக வந்தது. 2015-இல் வந்த அந்த ஆய்வுக்குப் பிறகு 'மூளைக் கைரேகை' என்ற பேச்சு பரவியது. அது சரியான பேச்சுதான், ஆனால் அதை வைத்து மருத்துவத்துக்குத் தாவியவர்கள் அவசரப்பட்டார்கள். ஒருவரை இன்னார் என்று காட்டும் அம்சமும், அவருக்கு நோய் இருப்பதைக் காட்டும் அம்சமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இப்போது ஏற்கெனவே வேலை செய்கிற இடங்களுக்கு வருவோம். வலிப்பு நோய்க்கோ கட்டிக்கோ மூளை அறுவை சிகிச்சை செய்யும் முன் மருத்துவர் அறிய வேண்டிய முதல் விஷயம், இந்த நோயாளிக்குப் பேச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இடப்பக்கம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களில் விதிவிலக்குகள் அதிகம். முன்பெல்லாம் இதற்கு வாடா சோதனைதான். கழுத்து வழியாகப் போகும் ரத்தக் குழாயில் மயக்க மருந்தைச் செலுத்தி மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடம் உறங்கவைத்து, பேச்சு வருகிறதா என்று பார்ப்பார்கள். எஃப்எம்ஆர்ஐயில் ஊசியே இல்லை. திரையில் 'பந்து' என்ற சொல் வந்தால் நோயாளி மனதுக்குள் 'எறி' என்று நினைக்க வேண்டும். அரை நிமிடம் இப்படி, அரை நிமிடம் சும்மா, மறுபடி அரை நிமிடம். சில நிமிடங்களில் எந்தப் பக்கம் ஒளிர்கிறது என்று தெரிந்துவிடும். 2017-இல் அமெரிக்க நரம்பியல் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதல், நெற்றிப்பொட்டுப் பக்கத்து மூளைப் பகுதியின் உட்பக்கத்திலிருந்து வரும் வலிப்பு நோயில் பேச்சின் பக்கத்தை அறிய வாடா சோதனைக்குப் பதில் இதைப் பயன்படுத்தலாம் என்றது. கட்டிகள் விஷயத்தில் போதிய சான்று இல்லை என்றும் அதுவே சொன்னது. கட்டியைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் ஒழுங்காக விரிந்து சுருங்காது என்பதால், நரம்புச் செல் வேலை செய்தாலும் ஸ்கேனில் அந்த இடம் இருட்டாக இருக்கலாம். அதை நம்பி வெட்டினால் பேச்சே போய்விடும். அதனால்தான் நோயாளியை விழிக்கவைத்து மூளையில் நேரடியாக மின்தூண்டல் கொடுத்துப் பார்க்கும் பழைய முறை இன்றும் கடைசித் தீர்ப்பாக இருக்கிறது.

அடுத்தது, என் பார்வையில் இந்தத் துறை செய்த மிகப் பெரிய நன்மை. 2006-இல் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனின் குழு, சாலை விபத்தில் அடிபட்டு ஐந்து மாதமாக எந்த உணர்வும் காட்டாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேனரில் வைத்து, "டென்னிஸ் ஆடுவதாக நினையுங்கள்" என்றது. அசைவைத் திட்டமிடும் பகுதி எழுந்தது. "உங்கள் வீட்டில் அறை அறையாக நடப்பதாக நினையுங்கள்" என்றதும் இடத்தை நினைவில் கொள்ளும் பகுதி எழுந்தது. நலமானவர்களிடம் வருவதும் இதுவேதான். கண் கேட்காது, கை கேட்காது, ஆனால் அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார். 2010-இல் இதையே உரையாடலாக மாற்றினார்கள். ஆமாம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு. 54 நோயாளிகளில் ஐந்து பேரால் தங்கள் மூளைச் செயல்பாட்டை விரும்பியபடி மாற்ற முடிந்தது. அவர்களில் ஒருவர், "உங்கள் அப்பா பெயர் அலெக்சாண்டரா?" என்பது போன்ற ஆறு கேள்விகளில் ஐந்துக்குச் சரியாகப் பதில் சொன்னார்.

2024-இல் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வில் எஃப்எம்ஆர்ஐயையும், தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜியையும் பயன்படுத்தினார்கள். படுக்கையருகே சொன்ன எதையும் செய்யாத 241 பேரில் 60 பேர், அதாவது நான்கில் ஒருவர், இந்தச் சோதனைகளில் சொன்னதைச் செய்தார்கள். செய்தியில் எல்லாரும் இந்த எண்ணைத்தான் எழுதினார்கள். அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு. படுக்கையருகே சொன்னதைக் கண்கூடாகச் செய்துகாட்டிய 112 பேரில் 43 பேர் மட்டுமே ஸ்கேனிலோ இஇஜியிலோ தேறினார்கள். சுயநினைவு உறுதியாக உள்ளவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோரைச் சோதனை தவறவிட்டது. ஒரு குடும்பத்திடம் "ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை" என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வந்தால் அது உறுதி, வராவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவு இதை ஒட்டி எடுக்கப்படும்போது, இந்த ஒரு வரியை விட்டுவிடுவது பெரிய கொடுமை.

இந்த இரண்டு இடத்திலும் யாரும் ஒரு ஆளைச் சராசரியோடு ஒப்பிட்டு நோயின் பெயரைக் கேட்கவில்லை. அவரையே ஒரு வேலை செய்யச் சொல்லி, செய்யும் நேரத்தையும் சும்மா இருக்கும் நேரத்தையும் ஒப்பிட்டார்கள். பதில் வந்ததற்கு அதுதான் காரணம்.

மனச்சோர்வில் நிலைமை வேறு. 2017-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களை வைத்து மனச்சோர்வை நான்கு உயிரியல் வகைகளாகப் பிரித்த ஆய்வு பெரும் பரபரப்பானது. 2019-இல் வேறொரு குழு அதே முறையைத் தன் நோயாளிகளிடம் செய்து பார்த்தபோது அந்தப் பிரிவினை நிற்கவில்லை. முதல் ஆய்வு செய்த அதே கோனர் லிஸ்டன் 2024-இல் சார்லஸ் லிஞ்சோடு சேர்ந்து, ஒரே ஆளைப் பல முறை ஸ்கேன் செய்யும் முறைக்கு மாறி இன்னொன்றைக் கண்டார். முக்கியமானது எது என்று கவனத்தைத் திருப்பும் ஒரு வலைப்பின்னல், மனச்சோர்வு உள்ளவர்கள் பலருக்கு ஏறத்தாழ இரு மடங்கு பரப்பில் இருந்தது. சோர்வு விலகியிருக்கும் காலத்திலும் அது சுருங்கவில்லை. அப்படியானால் இது நோயின் தழும்பா, நோய் வரக்கூடிய உடல்வாகா? வளர்ந்த பின் சோர்வுக்கு ஆளான சில பிள்ளைகளிடம் அதற்கு முன்பே இது இருந்தது என்பதால் இரண்டாவதன் பக்கம் தராசு சாய்கிறது.

சிகிச்சையில் இதைப் பயன்படுத்தும் முயற்சியும் நடக்கிறது. காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் டிஎம்எஸ் சிகிச்சையில், தலையில் எந்த இடத்தில் கருவியை வைப்பது என்பதை நோயாளியின் சொந்த எஃப்எம்ஆர்ஐ படத்தை வைத்து முடிவு செய்தது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு. நாளுக்குப் பத்து முறை, ஐந்தே நாள். 29 பேர் பங்கேற்ற சோதனையில் உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 79 சதவீதம் பேருக்கு நான்கு வாரத்துக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் சோர்வு முழுக்க விலகியது. போலித் தூண்டல் பெற்றவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. 2022-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதியும் கொடுத்தது.

இந்த வெற்றிக்குக் காரணம் தனிப்பட்ட வரைபடமா, நாளுக்குப் பத்து முறை என்ற அளவா? அந்தச் சோதனையின் அமைப்பே இதற்குப் பதில் சொல்லாது, ஏனென்றால் இரண்டும் ஒன்றாகவே கொடுக்கப்பட்டன. இங்கிலாந்தில் 255 நோயாளிகளிடம் நடந்து 2024-இல் வெளியான 'பிரைட்மைண்ட்' சோதனை, இணைப்புப் படத்தைப் பார்த்துக் குறிவைத்த தூண்டலையும் வழக்கமான முறையையும் நேருக்கு நேர் வைத்தது. இரண்டு பக்கமும் நோயாளிகள் தேறினார்கள், இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே குறிவைத்த விதமும் துடிப்பின் வகையும் வேறு, நாளுக்குப் பத்து முறை என்ற அளவும் இல்லை. எனவே ஸ்டான்ஃபோர்டு முடிவை இது கவிழ்த்துவிடவில்லை. நாளுக்குப் பத்து முறை என்ற அதே அளவை இரண்டு பக்கமும் கொடுத்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் நீண்ட ஸ்கேனில் வரைந்த சொந்த வரைபடம், மறுபக்கத்துக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரே இடம் என்று வைத்து நடத்தினால்தான் வரைபடத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியும்.